பழைய பனியன், இத்துப்போன ஜமக்காளம், கறுத்த வாழைப்பழம்

பழைய பனியன் துணியில ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு நாடா வெட்டி, ரெண்டு முனையையும் பிடிச்சு நல்லா இழுத்துப் பாருங்க. ஓரம் ரெண்டும் உள்ளே சுருண்டு நாடா கயிறாயிரும். ஓரம் மடிச்சுத் தைக்க வேண்டாம், நூல் பிரிஞ்சு தொங்காது. திருப்பூர்ல இருக்கிறவங்க பல பேர் இதைச் சின்ன வயசுலயே செஞ்சு பார்த்திருப்பாங்க. ஆனா எல்லாப் பனியன் துணியும் இப்படிச் சுருளாதுங்க. சிங்கிள் ஜெர்சிதான் சுருளும். கழுத்துப் பட்டிக்கு வைக்கிற ரிப் துணியும், கொஞ்சம் கனமா வர்ற இன்டர்லாக்கும் எவ்வளவு இழுத்தாலும் பட்டையாத்தான் நிக்கும். துணியைத் திருப்பிப் பாருங்க. முன்பக்கப் பின்னல் ஒரு மாதிரி, பின்பக்கம் வேற மாதிரி இருந்தா சிங்கிள் ஜெர்சி. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருந்தா மத்த ரெண்டுல ஒண்ணு.

கல்யாணத்துக்கு முந்தியும் பொறவும் பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பார்த்தவ நான். துணியைத் தொட்டாலே எது என்னன்னு கை சொல்லிரும். அதனாலதான் பழைய சாமானை மறுபடி பயன்படுத்துற விசயத்துல எனக்குன்னு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு துணி இத்தனை நாளா என்ன வேலை செஞ்சுதோ, அதுக்குப் பக்கத்து வேலைக்குத்தான் அதை விடணும். வேர்வை உறிஞ்சினது தண்ணி உறிஞ்சட்டும். ஆள் படுக்கத் தாங்கினது கால் மிதிக்கத் தாங்கட்டும். பாட்டிலுக்குப் பெயின்ட் அடிச்சு, கண்ணாடிச் சில்லு ஒட்டி ஷோகேஸ்ல வைக்கிறது எனக்குப் பிடிக்கிறதில்லை. தூசி தட்டுற வேலை கூடுதே தவிர வீட்டுக்கு அதால ஒண்ணும் ஆகலை. செஞ்ச பொருளைத் தினம் கையில எடுக்கணும், துவைக்கணும், காயப்போட்டு மறுபடி எடுக்கணும். அப்படிப் புழங்காத எதையும் நான் செய்யறதில்லை.

எங்க வீட்டுல அதிகமாப் புழங்குறது மிதியடிதான். வேசகாலத்துப் பள்ளிக்கூட லீவுக்குத் தம்பி பசங்க வந்தா முதல் வேலை இதுதான். அதுங்களுக்குக் கத்திரியைக் குடுத்து உக்கார வெச்சிருவேன்.

ஆம்பளைங்க போடுற பழைய வெள்ளைப் பனியன் ஒண்ணு எடுத்துக்கங்க. விலாப் பக்கம் தையல் இருக்கான்னு பாருங்க. வட்ட மெஷின்ல குழாய் மாதிரியே பின்னி வந்த துணியில தைச்ச பனியனுக்கு விலாத் தையலே இருக்காது. மிதியடிக்கு அதுதான் வாகு. தரையில விரிச்சு, கீழ் மடிப்பை மட்டும் வெட்டி ஒதுக்கிருங்க, அது தடிப்பு. பொறவு ஓரத்துல சாய்வா ஆரம்பிச்சு, ரெண்டு விரல் அகலம் மாறாம, ஆரஞ்சுத் தோலை அறுந்து போகாம ஒரே சுத்தா உரிக்கிற மாதிரி மேல மேல வெட்டிக்கிட்டே போங்க. அக்குள் வரைக்கும் வந்தா ஒரு பனியன்ல ஒட்டே இல்லாத ஒரே நீள நாடா கிடைக்கும். "அத்தை, இது முடியவே மாட்டேங்குதுங்க அத்தை!"னு சின்னவன் கத்துவான். அந்தச் சந்தோசத்துக்காகவே விலாத் தையல் இல்லாத பனியனையெல்லாம் அவனுக்குன்னு எடுத்து வெச்சிருவேன். அக்குளுக்கு மேல மிச்சம் நிக்கிற துண்டு அடுப்பு மேடை துடைக்க.

டீ சர்ட்டா இருந்தா பெரும்பாலும் விலாத் தையல் இருக்கும். அதைச் சுத்தி வெட்டக் கூடாது, தையல் வர்ற இடமெல்லாம் முண்டு முண்டா நிக்கும். குறுக்க வெட்டி வளையம் வளையமா எடுத்து, ஒரு வளையத்துக்குள்ள இன்னொண்ணை விட்டு இழுத்துக் கோத்துக்கலாம். நாடாவோட நாடா சேர்க்கவும் முடிச்சுப் போடாதீங்க. ரெண்டு முனையிலயும் சின்னதா ஒரு கீறல் போட்டு, ஒண்ணை ஒண்ணுல நுழைச்சு, நாடாவோட மறுமுனையை அதுக்குள்ள விட்டு இழுத்தா போதும். மிதிக்கிறப்பக் காலுல உறுத்தாது.

மூணு கலர் நாடாவை எடுத்து, முனையைக் கால் கட்டைவிரல்ல மாட்டிக்கிட்டு, தலைக்குச் சடை போடுற மாதிரியே பின்னிக்கிட்டே போகணும். பின்னினதைத் தரையில வெச்சு வட்டமாச் சுத்தி, கோணி ஊசியும் தடிச்ச நூலும் போட்டு ஒரு சுத்தை அடுத்த சுத்தோட தைக்கணும். மடியில வெச்சுத் தைக்கவே கூடாதுங்க. மடியில வெச்சா நம்மளை அறியாம இழுத்துத் தைச்சிருவோம், ஓரம் மேல எழும்பி வட்டல் மாதிரி குழிஞ்சிரும். தரையிலயே வெச்சு, வளைவு வர்ற இடத்துல சடையைக் கொஞ்சம் தளர்வா விட்டுத் தைச்சா தட்டையாப் படியும். பெருசா வேணும்னு ஆசைப்பட்டு ஒரு கை நீளத்துக்கு மேல போகாதீங்க. நனைஞ்சா பிழியறதுக்கு ரெண்டாள் வேணும். குளியலறை வாசலுக்கு ஒண்ணு போட்டா, மாத்துக்கு இன்னொண்ணு அவசியம். ஐப்பசி மழையில ஒரே நாள்ல இது காயாது.

இப்ப எல்லா வீட்டுலயும் டைல்ஸ் தரை. துணி மிதியடி அதுல வழுக்கும், வயசானவங்க இருக்கிற வீட்டுல இதை லேசா எடுத்துக்கக் கூடாது. சைக்கிள் கடையில பழைய டியூப் கேட்டா குடுப்பாங்க. அதை நீளமாக் கீறி, பட்டையா வெட்டி, மிதியடிக்கு அடியில அங்கங்கே தைச்சிருங்க. ரப்பர் தரையைப் பிடிச்சுக்கும்.

துணி பருத்திதானான்னு பார்க்காம மிதியடிக்கோ துடைக்கவோ வெட்ட வேண்டாம். இப்ப வர்ற விளையாட்டு டீ சர்ட் பாதிக்கு மேல பாலியஸ்டர். அது தண்ணியைத் தள்ளிவிடுமே ஒழிய உறிஞ்சாது. ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க, பருத்தி உடனே குடிச்சிரும். சந்தேகம் தீரலைன்னா ரெண்டு நூலை உருவி, இடுக்கியில பிடிச்சு நெருப்புல காட்டுங்க. பருத்தி காகிதம் எரியற வாசத்தோட எரிஞ்சு, தொட்டா உதிர்ற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியா ஒரு மணியாட்டம் நின்னுக்கும். பெரியவங்க பக்கத்துல இருந்து செய்யற வேலை இது, பசங்க கையில குடுக்கக் கூடாது. பாலியஸ்டரைச் செடி கட்டறதுக்கு நாடாவா வெட்டி வெச்சிருக்கேன். தக்காளிச் செடித் தண்டை அறுக்காமத் தாங்கும், மழையில இத்தும் போகாது.

கம்பெனியில கட்டிங் முடிஞ்சதும் விழுற துண்டை ஒரு நாளும் யாரும் குப்பைன்னு சொல்லி நான் கேட்டதில்லை. கட்டிங் வேஸ்ட்டை மூட்டை கட்டிக் கிலோக் கணக்குல விப்பாங்க. கலர் கலராப் பிரிச்சு எடுக்கிறதே ஒரு தொழில், அதை நம்பிப் பொழைக்கிற பொம்பளைங்க எத்தனையோ பேர். வெள்ளைக்கு விலை எச்சு, ஏன்னா அதை எந்தச் சாயத்துலயும் முக்கிக்கலாம். கலர் துண்டுகளைப் பிரிச்சு, பஞ்சாக்கி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்லுல மறுபடி நூலா ஓட்டறப்ப அந்தக் கலரே நூலுக்கு வந்திரும், புதுசாச் சாயம் போட வேண்டியதில்லை. நொய்யல் ஆத்துக்குச் சாயக் கழிவு என்ன பண்ணுச்சுன்னு கண்ணால பார்த்த ஊருக்காரங்க நாங்க. 2011ல ஹைகோர்ட் உத்தரவால சாயப்பட்டறைகளை மூடினப்ப ஊரே வேலையில்லாம நின்னது. ஒரு துணிக்குச் சாயம் போட எவ்வளவு தண்ணி போகுதுன்னு தெரிஞ்ச எனக்கு, சாயம் போட்டு முடிச்ச நல்ல துணியைக் குப்பை வண்டியில போட மனசு வரமாட்டேங்குது.

ஜமக்காளம் சமாச்சாரம் வேறங்க. பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு வாங்கினது, கல்யாணச் சீர்ல வந்து தலைமுறை தாண்டிக் கிடக்கும். மடிச்சு வெச்ச மடிப்புலதான் முதல்ல இத்துப் போகும், நடு நல்லாவே இருக்கும். நல்ல பாகத்தை எடுக்கறேன்னு நேராக் கத்திரி வெச்சா குறுக்க ஓடுற தடிச்ச ஊடை நூல் ஓரத்துல இருந்து கழண்டுக்கிட்டே வரும். முதல்ல வெட்ட வேண்டிய கோட்டுக்கு ரெண்டு பக்கமும் மெஷின்ல ரெண்டு ஓட்டு ஓட்டிருங்க. பொறவு அந்த ரெண்டு தையலுக்கு நடுவுல வெட்டுங்க. எங்க அம்மாயி காங்கயம் பக்கம் தோட்டத்து வீட்டுச் சாளையில படுத்த ஜமக்காளம் இப்ப எங்க வீட்டு ஊஞ்சல் பலகைக்கு விரிப்பு. சிவப்பும் பச்சையும் பட்டை இன்னும் மங்கலை.

பை தைக்க பழைய எட்டு முழ வேட்டி. கைப்பிடிக்கு மட்டும் வேட்டித் துணி ஒத்தையாப் பத்தாது, பாரம் அங்கதான் விழும். அதே வேட்டிக் கரையை நாலா மடிச்சுத் தைச்சு, பையோட அடிப்பாகம் வரைக்கும் பட்டையை இறக்கித் தைச்சா அஞ்சு கிலோ வெங்காயம் தாங்கும். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து ஒருமுறை மட்டும் பயன்படுத்துற பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பர்ல துணிப்பைக்குத் திரும்பச் சொல்லி அரசோட "மீண்டும் மஞ்சப்பை" இயக்கமும் வந்துச்சு. எங்க நங்கை அவங்க மகன் கல்யாணத் தாம்பூலப் பைகளைக் கடைசி வரைக்கும் சேர்த்து வெச்சு, அரிசி, பருப்பு, கொள்ளுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பையா ஊசி நூல்ல பேர் போட்டு வெச்சிருக்காங்க. சந்தைக்கு அந்தக் கட்டோடதான் போவாங்க.

நூல் சேலை நைஞ்சு போனா குழந்தைக்குத் தூரி கட்ட, பொறவு அணைத்துணிக்கு. இதை நான் சொல்லி யாரும் தெரிஞ்சுக்க வேண்டியதில்லை. தேங்காத் தொட்டியில நாத்து விடறதுக்கு, மூணு கண்ணு இருக்கிற பாதியை எடுங்க. மூணுல ஒரு கண்ணு மெத்துனு இருக்கும், ஆணியால குத்தினா சுலபமா ஓட்டை விழுந்திரும், தண்ணி தேங்காது. மிளகாயும் கத்திரியும் அதுல நல்லா வரும். ஆனா பெயின்ட் வாளியைக் கழுவி அதுல அரிசி கொட்டி வைக்கிறதைப் பார்த்தா எனக்குப் பதறும். அது செடிக்கும் காய்கறித் தோலை மக்க வைக்கவும் மட்டும்தான். மிச்சம் பிடிக்கறேன்னு வயித்துக்குக் கெடுதல் பண்ணிக்கக் கூடாது. வடை, பஜ்ஜியை அச்சடிச்ச பேப்பர்ல வைக்கிறதும் அப்படித்தான். அச்சு மை எண்ணெயில இறங்கும்னு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016ல எச்சரிச்சிருக்கு. வாழை இலைத் துண்டு போதும்.

வேட்டிக்கு இன்னொரு நல்ல வேலையும் இருக்குங்க, சோத்து வடகம் காய வைக்கிறது. ராத்திரி மீந்த சோத்துல தண்ணி ஊத்தி வைங்க. காலையில தண்ணியை வடிச்சு மோரோட குடிச்சுட்டு, சோத்தைப் பச்சை மிளகாய், சீரகம், உப்போட அரைங்க. உப்பு எப்பவும் போடறதுல பாதி போதும், காஞ்சா ஏறிக்கும். மொட்டை மாடியில ஈர வேட்டியை விரிச்சு, சின்னச் சின்னதாக் கிள்ளி வைங்க. நல்ல வெயில்ல ரெண்டு மூணு நாள்ல மேல் பக்கம் கலகலன்னு ஆயிரும். அப்ப பிச்சு எடுத்தா துணியோட வரும், பாதி உடையும். வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணி தெளிச்சு, கொஞ்ச நேரம் விட்டு எடுங்க, ஒவ்வொண்ணா முழுசாக் கழண்டு வரும். முறத்துல கொட்டி இன்னொரு நாள் காய வெச்சுட்டு டின்னுல அடைச்சிருங்க. பாலியஸ்டர் கலந்த வேட்டியில தண்ணி இப்படி ஊறி இறங்காது, பருத்திதான் வேணும்.

பசங்களுக்குப் பலகாரம்னா கச்சாயம். நோம்பிக்குத்தான் செய்யணும்னு இல்லை, தோல் கறுத்துக் குழைஞ்ச வாழைப்பழம் ரெண்டு வீட்டுல கிடந்தாலே செய்யலாம். பச்சரிசி ரெண்டு டம்ளர், ரெண்டு மணி நேரம் ஊறட்டும். தண்ணி நல்லா வடிச்சு, முதல்ல அரிசியை மட்டும் அரைங்க. பாதி அரைஞ்சதும் வெல்லம் ஒண்ணரை டம்ளர் பொடிச்சுப் போடுங்க. முதல்லயே போட்டா வெல்லம் இளகி மாவு நீர்த்திரும், அரிசி திரிதிரியா நின்னுக்கும். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை வீட்டுல இருந்தா அதுலயும் செய்யலாம். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போற சர்க்கரை, வாசமே தனி. கடைசியாப் பழம், ஏலக்காய், பல்லுப் பல்லா நறுக்கின தேங்கா. தோசை மாவை விடக் கெட்டியா இருக்கணும். தண்ணியானா எண்ணெய் குடிக்கும், ஒரு கை அரிசி மாவு சேர்த்துக்கங்க.

எண்ணெய் அளவாக் காய்ஞ்சதும் ஒரு கரண்டி மாவை நடுவுல ஊத்துங்க, ஒவ்வொண்ணாத்தான். முதல்ல அடியில போய் உக்காரும், தொடாதீங்க. தானா மேல மிதந்து உப்பி வரும், அப்பத் திருப்பி விடுங்க. வெல்லம் இருக்கிறதால சீக்கிரம் கறுக்கும், தீயைக் குறைச்சே வைங்க. சூடா இருக்கிறப்ப ஓரம் மொறுமொறுன்னு இருக்கும், பசங்க அதுக்குத்தான் அடுப்படியில நிப்பாங்க. எனக்கு மறுநாள் கச்சாயம்தான் பிடிக்கும், உள்ளே பழ வாசம் நல்லா இறங்கியிருக்கும். முழுசா ஆறுனதுக்குப் பொறவு எவர்சில்வர் தூக்குப்போசியில போட்டு மூடுங்க. பிளாஸ்டிக் டப்பாவுல சூட்டோட போட்டா வேர்த்து நொசநொசன்னு ஆயிரும்.