பிரதிபலன் பத்தாயிரம் ரூபாய்

சென்ற மாதம் வீட்டுப் பத்திரங்களை அடுக்கி வைக்கும்போது, 2011-இல் பதிவான ஒரு விடுதலைப் பத்திரம் கையில் அகப்பட்டது. 2009-இல் உயில் எழுதாமல் காலமான என் தாத்தாவின் மூன்றரை ஏக்கர் நஞ்சையிலும் குடியிருக்கும் வீட்டிலும் தங்களுக்குள்ள பாத்தியதையை, ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாயைப் பிரதிபலனாகப் பெற்றுக்கொண்டு, முழுமனதுடன் என் தந்தைக்கு விட்டுக்கொடுப்பதாக என் இரண்டு அத்தைகளும் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்தப் பத்தாயிரமும் எழுத்தில் மட்டுமே கைமாறியது என்று அம்மா சொன்னார்.

1989-இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே சமபங்கு உண்டு என்றாக்கியது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன. அப்போதும், அவ்வாண்டு மார்ச் 25-க்கு முன் மணமான மகள்களை அந்தத் திருத்தம் ஒதுக்கிவிட்டது. ஆகவே 1984-இல் மணமான பெரிய அத்தைக்கு இல்லாத உரிமை 1991-இல் மணமான சின்ன அத்தைக்கு இருந்தது. 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் இந்த வேறுபாட்டை நீக்கியது. எனவே அத்தைகள் கையெழுத்திட்ட நாளில், மூன்றில் ஒரு பங்கு ஒவ்வொருவருக்கும் உரியது என்பதில் சட்டத்துக்கு ஐயம் எதுவும் இல்லை.

பிறகு ஏன் கையெழுத்திட்டார்கள்? விவரம் தெரியாமல் ஏமாந்தார்கள் என்று சொல்வது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. பொங்கல் சீர், பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீர், கணவன் வீட்டில் சச்சரவு மூண்டால் பெட்டியோடு வந்திறங்க ஒரு வாசல் ஆகிய அனைத்தும் அண்ணன் தம்பியின் முகம் கோணாமல் இருப்பதைப் பொறுத்தவை. பங்கு கேட்டு வழக்காடிய பெண்ணுக்கு நிலம் கிடைக்கலாம். பிறந்த வீடு கிடைக்காது. வேறு காப்பு எதுவும் இல்லாத ஒருத்தி, இருக்கும் ஒரே காப்பைத் தன் பங்கை விலையாகக் கொடுத்து வாங்குகிறாள். இது கணக்கறிந்த செயல்தான். ஆனால் அந்தக் கணக்கை அண்ணனோ தம்பியோ ஒருநாளும் போட வேண்டியதில்லை. 'கல்யாணத்தில் நகை போட்டோமே' என்று வீட்டில் சொல்வதுண்டு. நகை அடகுக்கடைக்குப் போய் மீளாமல் போனதையும், நிலத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே இருந்ததையும் எவரும் சேர்த்துப் பேசுவதில்லை. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் கிரயப் பத்திரத்தைவிட மிகக் குறைவு என்பது கூடுதல் வசதி.

பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரே விவசாயி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடி நில உடைமைகளில் ஏறத்தாழ 14 விழுக்காடே பெண்களுடையவை. நாற்று நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் யார் கைகளால் நடக்கின்றன என்பதை எங்கள் வரப்பில் அரைநாள் நின்றாலே காணலாம். பட்டா இல்லாதவளுக்குப் பயிர்க்கடன் எளிதில் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் விவசாயி நிதியும் நிலம் பெயரில் உள்ளவருக்கே. 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் பெண்ணின் வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது; பெரிய அத்தைக்கு அது மருந்துக்கு உதவுகிறது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும், ஓர் ஏக்கருக்கு மேலான நஞ்சையைக் கைவிட்டவரின் கையில் அந்த ஆயிரத்தைப் பார்க்கும்போது, அந்த நிலத்தின் வருமானத்தில் பொறியியல் படித்தவனாகிய எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

2018-இல் கணவரை இழந்த பெரிய அத்தை எங்கள் வீட்டில் மூன்று மாதங்கள் தங்கினார். அவர் போட்ட கணக்கு பொய்க்கவில்லை. அப்பா தங்கையை நன்றாகவே பார்த்துக்கொண்டார். ஒருநாள் காலை கொல்லைப்புறத்து முருங்கை மரத்தடியில் துரட்டியோடு நின்றவர், அடுக்களைப் பக்கம் திரும்பி என் அம்மாவிடம் கேட்டார்: “அண்ணி, நாலு காய் பறிச்சுக்கட்டுமா?”