சஸ்குவஹானா நாட்குறிப்பு: பாஸ் மீனும் ரப்பர் இரைகளும்

ஜூன் 15, 2024, சனி

விடியற்காலை ஐந்தரை மணிக்கு ராக்வில் பாலத்துக்குக் கீழே ஆற்றில் இறங்கினேன். கரையோரம் முழங்கால் அளவு தண்ணீர். நூறு அடி உள்ளே நடந்தும் இடுப்பைத் தாண்டவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஹாரிஸ்பர்க் அருகே சஸ்குவஹானா ஆறு ஏறக்குறைய ஒரு மைல் அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது, கோடையில் ஆழம்தான் இல்லை. அடியில் குறுக்குச் சுவர் எழுப்பியதுபோல் வரிசை வரிசையாகப் பாறைகள். ஒவ்வொரு வரிசையின் கீழ்ப்புறத்திலும் ஓட்டம் தளர்ந்து ஒரு சுழி உண்டாகிறது. ஸ்மால்மவுத் பாஸ் என்ற வேட்டை மீன் நிற்பது அங்கேதான். வேகமான தண்ணீரில் நின்று பலத்தை வீணாக்காமல், ஓட்டம் அடித்துவருவதைப் பக்கத்திலிருந்து பாய்ந்து பிடிக்கும்.

ஏப்ரலுக்குப் பிறகு இன்றுதான் தூண்டில் கோலைக் கையில் எடுத்தேன். முதலில் கட்டியது ட்யூப் என்ற ரப்பர் இரை. மூன்றரை அங்குல நீளம், உள்ளே குழாய்போல் கூடு, வால் பக்கம் இழை இழையாக வெட்டிய ரப்பர். ஈயத் தலை வைத்த கொக்கியை எச்சில் தொட்டு ஈரமாக்கி அந்தக் கூட்டுக்குள் செலுத்தி, தூண்டில் நரம்பு கட்டும் வளையத்தை மட்டும் ரப்பர் சுவரைத் துளைத்து வெளியே எடுக்க வேண்டும். ஈயம் முழுதும் உள்ளே மறைந்துவிடுவதால் கல்லில் மோதும்போது உலோகச் சத்தம் கேட்காது, மெத்தென்று ஒரு உயிர் உரசுவதுபோல் இருக்கும். எனக்கு ட்யூப் பிடித்துப்போக முதல் காரணமே இதுதான்.

மேல்நோக்கிச் சாய்வாக வீசினேன். ஓட்டம் அதைத் தூக்கிவர, கல்லில் இரண்டு தட்டு. மூன்றாவது தட்டு கல் அல்ல. கல்லில் தட்டினால் கோலில் ஒரு கடினம் தெரியும். மீன் என்றால் சின்னதாக ஒரு ‘டொக்’, அதன்பின் நரம்பின் எடை மெல்ல மாறும். பதினான்கு அங்குலம், வெண்கல நிறம், பக்கவாட்டில் கரிய பட்டைகள், சிவந்த கண். இரண்டு முறை தண்ணீரை விட்டு முழு உடலும் வெளியே வரத் துள்ளியது. ஆற்றின் இந்தப் பகுதியில் பிடிக்கும் பாஸை உடனே விட்டுவிட வேண்டும் என்பது 2011 முதல் இருக்கும் விதி. விதி இல்லாவிட்டாலும் விட்டிருப்பேன்.

ஏழு மீன். ஆறு ட்யூபுக்கு வந்தன.

ஜூன் 23, ஞாயிறு

இன்று தூண்டில் போட்டதைவிடக் கல் புரட்டியதுதான் அதிகம். கரையோரக் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். ஐந்தாவது கல்லின் அடியிலிருந்து ஒரு கிரேஃபிஷ் பின்னோக்கிச் சீறிப் பாய்ந்து, கலங்கல் அடங்கியதும் கொடுக்குகளை உயர்த்திக்கொண்டு நின்றது. இறாலின் உடல், நண்டின் கொடுக்கு. ஓட்டின் இருபுறமும் துருநிறத்தில் ஒவ்வொரு புள்ளி, குங்குமம் தொட்ட விரல்களால் யாரோ பிடித்துத் தூக்கி வைத்ததுபோல். ஒஹாயோ பக்கத்திலிருந்து இங்கே பரவிவிட்ட இனம் இது. இந்த ஆற்றுக்கு அந்நியம், ஆனால் பாஸுக்கு விருந்து.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ட்யூபின் சூட்சுமம் எனக்கு முழுதாகப் பிடிபட்டது. பயந்த கிரேஃபிஷ் வாலை உள்ளே மடித்துப் பின்புறமாகப் பாய்கிறது. கொடுக்குகள் ஒன்றுசேர்ந்து பின்னால் இழுபடுகின்றன. ட்யூபின் மழுங்கிய தலை முன்னால் போக, இழைகள் பின்னால் இழுபடும் தோற்றமும் அதேதான். கொடுக்கு, மீசை, கால் என்று அச்சு அசலாக வார்த்த கிரேஃபிஷ் இரைகள் என்னிடம் ஒரு பை நிறைய இருக்கின்றன. கடையில் வாங்கும்போது கண்ணுக்கு அவ்வளவு அழகு. ஓட்டத்தில் அவை பிடிக்கும் மீன் ட்யூப் பிடிப்பதில் பாதிகூட இல்லை. மீன் பார்ப்பது மீசையை அல்ல, அசைவை.

நிறத்தைப் பற்றி நண்பர்கள் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். இங்கே ‘பூசணிப் பச்சை’ என்று ஒரு நிறம் உண்டு. பழுப்பும் பச்சையும் கலந்து கரும்புள்ளி தூவியது. இந்த ஆற்றுக்கு அது போதும். கூடுதலாக ஒன்று வேண்டுமானால் வெள்ளை. மூன்றாவது நிறத்துக்கு இதுவரை எனக்குத் தேவை வந்ததில்லை.

ஜூலை 4, வியாழன்

விடுமுறை. ஆறு முழுக்கப் படகுகளும் ரப்பர் மிதவைகளும். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

பெட்டியைத் திறந்தபோது ஒரு அறையில் இருந்த இரைகளெல்லாம் கூழாகிக் கிடந்தன. பிழை என்னுடையது. வழக்கமான ரப்பர் இரை என்று நாம் சொல்வது உண்மையில் மென்மையாக்கிய பி.வி.சி. இழுத்தால் பல மடங்கு நீளும் இன்னொரு வகைப் பொருளிலும் இரை செய்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் உருகிவிடும். தனித்தனியாக வைக்கும்படி பையிலேயே அச்சடித்திருந்தது. அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே அறையில் கொட்டியது நான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்: இழுபடும் வகைக்குத் தனிப் பை.

அந்த வகையை விடவும் மனம் வரவில்லை. நெட் ரிக் என்ற முறைக்கு அதைப்போல் வேறில்லை. கான்சாஸைச் சேர்ந்த நெட் கெய்டி என்ற மூத்த மீன்பிடிப்பாளரின் பெயரால் வழங்கும் முறை இது. காளான் வடிவ ஈயத் தலை, எடை ஒரு அவுன்ஸில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 1.8 கிராம்தான். அதன்மேல் இரண்டே முக்கால் அங்குலத்தில் ஒரு குட்டைத் துண்டு. பார்த்தால் இரை என்றே தோன்றாது, பென்சில் துண்டு என்றுதான் சொல்வீர்கள். ஆனால் அந்த ரப்பர் மிதக்கும் குணம் கொண்டது. தலை அடியில் படிந்ததும் உடல் செங்குத்தாக எழுந்து நின்று, ஓட்டத்தில் மெல்லத் தலையாட்டும். கை எதுவுமே செய்ய வேண்டியதில்லை.

இன்று வெயில் ஏறி, தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்தபின் ட்யூபைத் திரும்பிப் பார்க்கவும் ஆளில்லை. நெட்டுக்கு நான்கு வந்தன, எல்லாம் பத்து அங்குலக் குட்டிகள். நெட் ரிக்கில் எனக்கு உள்ள ஒரே குறை அதுதான். நிச்சயம் ஏதாவது கடிக்கும், ஆனால் பெரியது கடிக்கும் என்ற நம்பிக்கையோடு நான் அதை வீசியதில்லை.

ஜூலை 27, சனி

மகளையும் அழைத்துக்கொண்டு மாலையில் போனேன். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை இந்த ஆற்றில் ‘வெள்ளை ஈ’ எனப்படும் மேஃப்ளைப் பூச்சிகள் எழும் காலம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்வரை ஒன்றுமில்லை. பிறகு தண்ணீரின் மேல் ஒன்று, பத்து, சற்று நேரத்தில் எண்ணவே முடியாதபடி. நம் ஊரில் மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்புமே, அப்படி. மகளுக்கு ஈசல் தெரியாது. “அப்பா, ஜூலையில் பனி பெய்கிறது” என்றாள். அந்த ஒரு மாலையில் இணைந்து, முட்டையிட்டு, இரவுக்குள் செத்துவிடுகிற உயிர்கள். தொப்பியிலும் கண்ணாடியிலும் அவள் பின்னலிலும் வந்து ஒட்டிக்கொண்டன.

ஆறு முழுக்க மீன்கள் மேலெழுந்து உறிஞ்சும் ஓசை. நான் ட்யூபை வீசிவீசிப் பார்த்தேன். எல்லாக் கண்ணும் மேலே இருக்கும்போது அடித்தரையில் இரையை உருட்டி என்ன பயன்? மகள் பெட்டியைக் கிளறி மூன்று அங்குல வெள்ளைக் கிரப்பை எடுத்தாள். வால் பிறைபோல் சுருண்டிருக்கும் பழைய மாதிரி. இன்றைக்குப் பலரும் அதைச் சீண்டுவதில்லை. குழந்தைகளுக்கு வாங்கித்தரும் இரை என்றே ஒதுக்கிவிட்டார்கள்.

“இதை எப்படி இழுக்க வேண்டும், அப்பா?”

“வீசு, கோலை உயர்த்திப் பிடி, மெதுவாக ரீலைச் சுற்று. வாலை அது பார்த்துக்கொள்ளும்.”

மூன்றாவது வீச்சில் கோல் வளைந்தது. இருட்டும்வரை அவளுக்கு ஒன்பது, எனக்கு இரண்டு. கிரப்பை ஒதுக்கியவர்கள் ஒருமுறை வெள்ளை ஈ மாலையில் அதை வீசிப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

டெபி புயலின் மிச்ச மழை வெள்ளிக்கிழமை நியூயார்க் எல்லையோரம் கொட்டித் தீர்த்தது. அந்தத் தண்ணீர் செமங் ஆறு வழியாக இங்கேதான் வந்தாக வேண்டும். ஆறு செம்மண் நிறத்தில் மரக்கிளைகளைச் சுமந்துகொண்டு போகிறது. இறங்க முடியாது.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் கொட்டகைக்குப் போனேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு இந்த ஆற்றைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ட்யூபைத் தாமே செய்கிறார், நான் பார்த்தது இன்றுதான் முதல் தடவை. வார்ப்பு அச்சில் ஊற்றுவார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இல்லை, தோய்க்கிறார்! கொதிக்கக் காய்ச்சிய பி.வி.சி. குழம்பில், பென்சில் பருமனுள்ள ஓர் உலோகக் கம்பியை நிதானமாக இறக்கி, அதைவிட நிதானமாகத் தூக்கினார். கம்பியின்மேல் மெல்லிய தோல் படிந்திருந்தது. நுனியில் திரண்ட சொட்டை ஒரு சுழற்றில் உருட்டித் தலையாக்கினார். தண்ணீரில் அமிழ்த்தி ஆறியதும், கையுறையைக் கழற்றுவதுபோல் தோலை உருவினார். பிறகு பல அலகுகள் சேர்த்துக் கட்டிய கத்தியால் வாலை ஒரே இழுப்பில் இழைகளாகக் கிழித்தார். தோல் கனத்தால் ட்யூப் விறைப்பாகிவிடும், மெலிந்தால் முதல் மீனிலேயே கிழிந்துவிடும் என்றார். கம்பியைத் தூக்கும் வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பன்னிரண்டு ட்யூபை ஒரு காகிதப் பையில் போட்டுக் கையில் கொடுத்தார்.

தேநீர் குடித்தபடி 2005ஐப் பற்றிப் பேசினார். அந்தக் கோடையில் இந்த ஆற்றில் பாஸ் குஞ்சுகள் உடலில் புண்ணோடு செத்து மிதந்தன. நோய்க்கிருமிகள், ஒட்டுண்ணிகள், தண்ணீரில் கலந்த வேதிப்பொருள்கள் என்று ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களை ஆய்வாளர்கள் பின்னர் சொன்னார்கள். பல ஆண்டுகள் நடுத்தர அளவு மீன்களையே காண முடியவில்லையாம். இத்தனைக்கும் பாஸ் இங்கே பூர்வீகக் குடி அல்ல. 1854இல் மேற்கிலிருந்து ரயில் எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் கொண்டுவந்து பொட்டோமாக் ஆற்றில் விட்டார்கள். சஸ்குவஹானாவுக்கும் அந்த நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. தாம் வேலை செய்த ரயில் பாதைதான் மீனையும் கொண்டுவந்தது என்பதில் பெரியவருக்கு ஒரு பெருமிதம். பாதை வேறு என்று நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

தண்ணீர் வடிந்து தெளிந்துவிட்டது. நீர்ச்செடிகள் மண்டிய ஓரத்தில் வெள்ளை ஃப்ளூக். சிறுமீன் வடிவ ரப்பர், வால் இரண்டாகப் பிளந்திருக்கும், ஈயம் கிடையாது. கொக்கி முனையை முதுகுச் சதைக்குள் மறைத்துவிட்டால் செடியில் சிக்காது. இரண்டு சுண்டு, ஒரு நிறுத்தம். நிறுத்தத்தில் அது அடிபட்ட மீனைப்போல் மிதந்து மிதந்து இறங்கும். கடி எப்போதும் அப்போதுதான். இரையை எல்லோரும் சுண்டிக்கொண்டே இருக்கிறார்கள், நிறுத்துவதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

காலை எட்டு மணிக்குள் ஐந்து நல்ல மீன். ஆறாவதாகத் தண்ணீருக்கடியில் நீளமாக ஒரு நிழல் திரும்பியது. அடுத்த கணம் நரம்பு கத்தியால் வெட்டியதுபோல் தொய்ந்தது. மஸ்கி, பைக் இனத்துப் பெரிய வேட்டை மீன். அதன் பற்களுக்கு மெல்லிய நரம்பு நிற்காது. போன ஃப்ளூக்கைவிட அதன் வாயில் தங்கிவிட்ட கொக்கிதான் மனதை உறுத்துகிறது. கொக்கி முனையின் முள்பல்லை இடுக்கியால் நசுக்கியே கட்டுவேன் என்பதால் சீக்கிரம் கழன்றுவிடும் என்று நம்புகிறேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

பல வாரமாக மழை இல்லை. பாறைகளெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன. தண்ணீர் 14 டிகிரி செல்சியஸ். மீன்கள் மேட்டை விட்டு மடுக்களுக்கு இறங்கிவிட்டன.

முதலில் சென்கோ. இரை தயாரிப்பாளர் கேரி யமமோட்டோவின் இந்தத் தடித்த குச்சிப் புழுவை உலகமே கொண்டாடுகிறது. நடுவில் கொக்கியைக் குத்திப் போட்டால் இரு முனையும் நடுங்கியபடி இறங்கும் அழகை நானும் ரசிக்கிறேன். உடலில் அவ்வளவு உப்பு இருப்பதால் ஈயம் இல்லாமலேயே மூழ்கும். ஆனால் அது ஏரிக்குப் பிறந்த இரை. ஓடும் தண்ணீரில் நடுவில் குத்திய புழு காற்றாடிபோல் சுழன்று நரம்பை முறுக்கிவிடுகிறது. தேங்கிய மடுவில் மட்டும் இரண்டு மீன் தந்தது. ஒரு மீனுக்கு ஒரு புழு கிழிந்தது. கிழிந்ததைத் தண்ணீரில் விடக்கூடாது. மீன் விழுங்கினால் வயிற்றில் ஊறி உப்பிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். சட்டைப்பையில் அதற்கென்று ஒரு டப்பா வைத்திருக்கிறேன்.

பத்து மணிக்குப் பெரியவரின் பையைத் திறந்தேன். பன்னிரண்டில் ஒன்றுதான் மிச்சம். மூன்றரை கிராம் தலையைச் செலுத்தி, மடுவின் தலைப்பில், ஓட்டம் விழும் இடத்தில் போட்டேன். கோல் நுனியை உயர்த்தி, நரம்பை விறைப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, சுற்றாமல் நின்றேன். ட்யூப் சுழன்று சுழன்று இறங்கியது. கல்லில் தட்டியது. ஓட்டம் தூக்கியது. மறுபடி தட்டியது. பிறகு தட்டவே இல்லை. நரம்பு மேல்நோக்கி, ஓட்டத்துக்கு எதிராக நகர்ந்தது.

அது துள்ளவில்லை. ஆழத்துக்கு இறங்கி, பாறையடியில் தலையைச் செருகப் பார்த்தது. கை ஓய்ந்த பிறகு பக்கவாட்டில் வந்து சாய்ந்தது. கையை நனைத்துக் கீழ்த்தாடையைப் பிடித்தேன். கோலில் ஒட்டிய அளவுக்கோட்டில் பத்தொன்பதரை அங்குலம். தொண்டையில் ஒரு கிரேஃபிஷின் மீசை இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது. ஓட்டத்தை நோக்கித் தலையை வைத்துப் பிடித்திருந்தேன். செவிள் நான்கு முறை திறந்து மூடியது, பிறகு என் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போய்விட்டது.

ட்யூபின் ஒரு பக்கம் நீளவாக்கில் கிழிந்திருந்தது. டப்பாவில் போட்டேன். போகும் வழியில் பெரியவர் வீட்டில் காட்ட வேண்டும்.