ஹிக்கின்பாதம்: ஒரு பெயரின் ஊரைத் தேடிப் போன அனுபவம்

சென்னை அண்ணா சாலையில் ஹிக்கின்பாதம்ஸைத் தெரியாத வாசகர் குறைவு. 1844-இல் ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் தொடங்கிய புத்தகக் கடை. இப்போது நிற்கும் வெள்ளைக் கட்டடம் 1904-இல் வந்தது. தென்னிந்திய ரயில் நிலையங்கள் பலவற்றில் இந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தே வளர்ந்தோம். ஸ்பென்சர், பாரி என்றால் வேறு ஆட்களும் நினைவுக்கு வருவார்கள். ஹிக்கின்பாதம் என்று இன்னொருவரை நான் சந்தித்ததே இல்லை. இது இங்கிலாந்தில் எந்த ஊர்ப் பெயர், அங்கே எங்கெல்லாம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். பெரும்பகுதியைச் சென்னையில் உட்கார்ந்தபடியே செய்ய முடிந்தது.

முதலில் ஒரு எச்சரிக்கை. எந்த ஆங்கிலப் பெயரைத் தட்டினாலும் ‘உங்கள் குடும்பச் சின்னம்’ என்று கேடயமும் சிங்கமும் போட்ட படத்தை விற்கும் கடைகள்தான் முன்னால் வந்து நிற்கும். இங்கிலாந்து மரபுப்படி அந்தச் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் யாருக்கும் அதில் பங்கு கிடையாது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

குடும்பப் பெயர் அகராதிகள் நேராக ஓர் இடத்தைக் காட்டுகின்றன: வடமேற்கு இங்கிலாந்தின் பழைய லங்காஷயர் மாவட்டத்தில் போல்டன் நகரின் கிழக்கே பிரைட்மெட் பகுதியில் உள்ள ஓக்கன்பாட்டம். அந்த இடத்தின் பெயர்தான் திரிந்து ஹிக்கின்பாதம் ஆனதாம். இன்றைக்கு அங்கே அந்தப் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. ‘பாட்டம்’, ‘பாதம்’ என்ற முடிவுக்குப் பள்ளத்தாக்கின் அடிநிலம் என்று பொருள். ராம்ஸ்பாட்டம், விண்டர்பாட்டம், லாங்பாட்டம், ஷஃபிள்பாட்டம் எல்லாம் அந்த மலையடிவாரப் பகுதியின் பெயர்கள்தான். கிரிக்கெட் வீரர் இயன் போத்தமின் பெயரிலும் இதே சொல் இருக்கிறது.

சரி, ஊர் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தால் வேலை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. ஹிக்கின்பாட்டம், ஹெகின்பாதம், ஹிக்கன்பாட்டம் என்று எழுத்துக்கூட்டு அலைபாய்கிறது. பழைய பதிவேடுகளில் பாதிரியார் காதில் விழுந்ததை எழுதினார். 1754-க்குப் பிறகு திருமணப் பதிவேட்டில் மணமக்கள் கையெழுத்திட வேண்டும். பல பக்கங்களில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் எழுத்தரின் கையால் பெயர். எழுதப் படிக்கத் தெரியாத நெசவாளி தன் பெயரில் ஒரு ‘ஜி’யா இரண்டு ‘ஜி’யா என்று எப்படிச் சொல்லியிருக்க முடியும்? ஆகவே எந்த வடிவம் ‘சரியானது’ என்ற கேள்வியையே விட்டுவிட்டேன்.

இதற்கு சவுண்டெக்ஸ் என்ற ஒலிக்குறியீட்டு முறை நன்றாகக் கைகொடுத்தது. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு மெய்யெழுத்துகளை எண்ணாக்கும் முறை அது. மேலே சொன்ன எல்லா எழுத்துக்கூட்டுகளும் ‘ஹெச் 251’ என்ற ஒரே குறியீட்டில் வந்து விழுகின்றன. ஆனால் முதல் எழுத்து மாறினால் அது உதவாது. லங்காஷயர்ப் பேச்சில் ‘ஹெச்’ ஒலி விழுங்கப்படும். அப்போது பெயர் ‘ஐ’ வரிசைக்கோ ‘இ’ வரிசைக்கோ ஓடிவிடும். அவற்றைத் தனியாகத் தேட வேண்டும்.

அடுத்தது வரைபடம். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தன்னார்வலர்கள் முழுமையாகப் பெயர்த்தெழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பெயர்வாரியாக வரைபடத்தில் காட்டும் மென்பொருளும் உண்டு. நிறம் போல்டனில் அடர்ந்திருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். அடர்ந்திருந்ததோ மான்செஸ்டருக்கு மறுபக்கம்: ஸ்டாக்போர்ட், ஆஷ்டன்-அண்டர்-லைன், கிளாசப் என்று செஷயரும் டெர்பிஷயரும் லங்காஷயரைத் தொடும் மூலையில். ஸ்டாக்போர்ட் நகரின் வரலாற்றை 19ஆம் நூற்றாண்டில் இரண்டு தொகுதிகளாக எழுதியவர் பெயரே ஹென்றி ஹெகின்பாதம்.

அகராதி ஓரிடம், வரைபடம் வேறிடம். இந்த இடைவெளிதான் என்னை இந்தத் தேடலில் பிடித்து வைத்தது. யோசித்தால் இது முரண்பாடே இல்லை. திருநெல்வேலியில் இருக்கும் வரை யாரையும் ‘திருநெல்வேலிக்காரர்’ என்று கூப்பிடுவதில்லை. சென்னைக்கு வந்த பிறகுதான் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். சொந்த ஊரை விட்டுப் போனவனுக்குத்தான் ஊர்ப்பெயர் அடையாளமாகிறது. போகப்போக அது பரம்பரைப் பெயராகி, போன இடத்திலேயே பெருகுகிறது.

வரைபடத்திலிருந்து பின்னோக்கி நடக்கும்போது படிகளை மாற்றாதீர்கள். 1851 கணக்கெடுப்பிலிருந்து ஒவ்வொருவரும் பிறந்த ஊர் தரப்பட்டிருக்கிறது. முந்தைய 1841-இல் அது கிடையாது, அதே மாவட்டமா இல்லையா என்பது மட்டும்தான். அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்குகிறது. அச்சான பழைய அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911 முதல்தான் வரும். பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையிலோ 1837-இலிருந்தே இருக்கிறது. ஒரே பெயர் கொண்ட இரண்டு ஜான்களைப் பிரிக்க இதைவிட நல்ல வழி இல்லை. அதற்கும் முன்னால் போனால் ஆலயப் பதிவேடுகள்: 1813 முதல் அச்சிட்ட படிவம், தகப்பனின் தொழிலோடு, அதற்கு முன் வெறும் வரிகள். மிகப் பழையவை 1538 வரை போகும். கட்டணத் தளம் ஒன்றில் பணம் கட்டியும் பெயரைத் தப்பாகப் பெயர்த்திருந்தார்கள். லங்காஷயர் தன்னார்வலர்கள் இலவசமாக வைத்திருக்கும் பதிவுகள் எனக்கு அதைவிட அதிகம் உதவின. மூலப் பக்கத்தின் படம் கிடைத்தால் அதையே பாருங்கள்.

பெயர் இங்கிலாந்தோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் கறுப்பினத்தவரிடையேயும் இருக்கிறது: நீதிபதி ஏ. லியோன் ஹிக்கின்பாதம், ஜார்ஜியாவில் பிறந்த டிராம்போன் கலைஞர் ஜே. சி. ஹிக்கின்பாதம். ஆகவே இந்தப் பெயரைத் தாங்கிய எல்லோரையும் ஒரே போல்டன் தாத்தாவின் பேரன்களாக நினைத்துவிடக் கூடாது. அடிமை முறை இருந்த நாட்டில் ஒரு பெயர் ரத்த உறவு இல்லாமலும் கை மாறியிருக்கிறது.

சென்னைப் பக்கம் தேடுபவர்களுக்கு: மதராஸ் மாகாணத்தின் கிறிஸ்தவ ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்திய அலுவலக ஆவணங்களில் ‘என் 2’ வரிசையாக இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி எண்ணிமமாக்கப்பட்டிருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கம் ஒன்று இலவசத் தேடல் வசதியும் தருகிறது. ‘ஸ்மித்’ மாதிரிப் பெயரோடு அங்கே போனால் தலை சுற்றும். அபூர்வப் பெயரோடு போனால் ஒவ்வொரு வரியையும் நிதானமாகப் படிக்கலாம்.