ராணுவச் சட்ட அலுவலகத்தில் சிவிலியன் பாராலீகல் வேலை: நான் பட்ட பாடு

சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் விண்ணப்பத்திலிருந்து கணக்குப் போட்டால் பதினான்கு மாதம். அமெரிக்க ராணுவத்தின் ஜாக் (ராணுவச் சட்டப் பிரிவு) அலுவலகங்களில் சீருடை இல்லாமல் பாராலீகலாக, அதாவது வழக்கறிஞர்களுக்கு உதவும் சட்டப் பணியாளராகப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்ட நிறுவனத்தில் ஆறு வருட அனுபவம் இருந்தது, குடியுரிமையும் வாங்கியாகிவிட்டது. இது போதும் என்றுதான் நம்பியிருந்தேன்.

அமெரிக்க மத்திய அரசின் வேலைவாய்ப்பு இணையதளமான யூஎஸ்ஏஜாப்ஸில் 0950 என்ற எண்ணில் தேடினால் பாராலீகல் பணிகள் வரும். முதல் மூன்று விண்ணப்பமும் வீண். அவை ஏற்கெனவே மத்திய அரசு வேலையில் இருப்பவர்களுக்கும் ராணுவத்தினரின் வாழ்க்கைத் துணைகளுக்கும் மட்டுமானவை. யார் விண்ணப்பிக்கலாம் என்பது அறிவிப்பிலேயே இருக்கிறது. தயவுசெய்து முதலில் அதைப் படியுங்கள்.

நான்காவது பொதுமக்களுக்கானது, ஜிஎஸ்-7 என்ற ஊதிய நிலை. 'தகுதி இல்லை' என்று பதில் வந்தது. காரணம் கேட்டு மனிதவளப் பிரிவுக்கு எழுதினேன். இரண்டு வாரம் கழித்து, அறிவிப்பில் இருந்த அதே வரியை வெட்டி ஒட்டி அனுப்பினார்கள். அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வேறொரு அறிவிப்பில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தபோதுதான் ஒரு அம்மா பொறுமையாகச் சொன்னார்: "ரெஸ்யூமேயில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்கள் என்றே இல்லையே, அனுபவத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது?"

அந்த ஒரு வரிக்காக ஆறு வருடம் பூஜ்யமாகிவிட்டது! ஒவ்வொரு வேலைக்கும் சேர்ந்த மாதம், விட்ட மாதம், வார மணி நேரம் மூன்றையும் போடுங்கள். கேள்வித்தாளில் 'நிபுணத்துவம் உண்டு' என்று டிக் செய்தால் அதற்கான வேலை ரெஸ்யூமேயில் தெரிய வேண்டும். "வழக்கு ஆவணங்கள் தயாரித்தேன்" என்று விட்டுவிடாமல், என்ன மனு, எந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தீர்கள் என்று எழுதுங்கள். பட்டத்தைக் காட்டித் தகுதி கோருகிறீர்கள், அதுவும் வெளிநாட்டுப் பட்டம் என்றால், அது எந்த அமெரிக்கப் பட்டத்துக்கு நிகர் என்று சொல்லும் மதிப்பீட்டு அறிக்கையையும் சேர்த்தே அனுப்புங்கள். மதிப்பெண் பட்டியல் மட்டும் செல்லாது. ஐந்தாவது விண்ணப்பம் எனக்கு அதில்தான் போயிற்று.

ஆறாவதில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். முகாம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் ஓட்டுநர் உரிமம் ரியல் ஐடி (மத்திய அரசின் விதிப்படியான அடையாள அட்டை) இல்லை, பாஸ்போர்ட் வீட்டில். போக வர இரண்டு மணி நேரம். நல்லவேளை, கேட்டதும் மதியத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நேர்காணல் சுமுகமாகவே முடிந்தது.

அடுத்தது எஸ்எஃப்-86, பாதுகாப்பு அனுமதிப் படிவம். பத்து வருட முகவரியும் இடைவெளி இல்லாமல் கேட்பார்கள். வீடு மாறும்போது தோழி வீட்டில் தங்கிய ஐந்து வாரத்தை நான் எழுதவில்லை. விசாரணை அதிகாரி சரியாக அதைப் பிடித்தார். வெளிநாட்டில் இருக்கும் அப்பா, அம்மா, தம்பி விவரத்தை முழுதாகக் கொடுத்திருந்தேன். பயந்த அளவுக்கு அதில் சிக்கல் வரவில்லை. எதையும் மறைக்காதீர்கள். அனுப்பும் முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் வெளிநாட்டுப் பணிக்குக் கிளம்பும் ஓர் இளம் வீரர் வந்தார். அவர் இல்லாதபோது மனைவி காரை விற்க வேண்டுமாம். வழக்கறிஞர் அவரிடம் பேசி, காருக்கு மட்டுமான தனி அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) போதும் என்றார். தட்டச்சு செய்தது நான். வண்டியின் அடையாள எண் எழுத்தும் இலக்கமுமாக 17 இடம். ஒன்று தவறினாலும் அங்கே மனைவி கையில் அது வெறும் காகிதம்தான். வீரர் பதிவுச் சீட்டைப் பார்த்து வாசிக்க, நான் திரையில் விரல் வைத்து இரண்டு தடவை சரிபார்த்தேன்.