ஆத்தங்குடி கல் வார்க்கிறேன்: மூன்றாவது வாரம்

காரைக்குடி வீட்டின் இரண்டாம் கட்டுத் தரையில் ஒரு ஆத்தங்குடி கல், அதாவது சிமெண்டில் வார்த்த பூப்போட்ட தரை ஓடு, உடைந்து கிடக்கிறது. கடையில் வாங்காமல் நானே ஒன்று வார்த்து வைப்பதாக ஆச்சியிடம் வாக்கு கொடுத்துவிட்டேன். பிழைப்புக்கு நான் பிளாஸ்டிக் டப்பா, சுவிட்ச் பெட்டி எல்லாம் கம்ப்யூட்டரில் வரைகிறவன். வார்ப்பு வேலையைக் கையால் தொட்டதில்லை.

ஆத்தங்குடிப் பட்டறையில் ஒரு நாள் நின்று பார்த்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத் தடுப்புகள் உள்ள அச்சு. வெள்ளை சிமெண்டும் மணலும் நிறத்துக்கு ஆக்சைடு பொடியும் கரைத்த கூழை அறை அறையாக ஊற்றி, அச்சைத் தூக்குகிறார்கள். ஈரத்தை இழுக்கக் காய்ந்த சிமெண்டு மணலைத் தூவி, மேலே சாந்து போட்டு மட்டம் தட்டுகிறார்கள். இறுகியதும் தண்ணீர்த் தொட்டிக்குள் போகிறது. சூளை கிடையாது. கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் முகத்துக்கும் வருகிறது.

அச்சை நான் த்ரீ-டி பிரிண்டரில் எடுத்தேன். தடுப்பு உயரம் 12 மி.மீ., கனம் 2 மி.மீ., சுவர் நெட்டுக்குத்தாக. தூக்கியபோது சிவப்பு அப்படியே வெள்ளைக்குள் இழுபட்டது. தடுப்பை நகத்தால் வருடினால் அரம் மாதிரி நறநறத்தது. பிரிண்டர் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்த 0.2 மி.மீ. அடுக்கு ஒவ்வொன்றும் கூழைப் பிடித்திருக்கிறது. பிளாஸ்டிக் வார்ப்பில் சுவரை 1, 2 டிகிரி சாய்ப்பது இப்படி உரசாமல் கழன்று வரத்தான். சொரசொரப்பு கூடினால் சாய்வையும் கூட்ட வேண்டும். டை (பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு) செய்கிறவர் திட்டுவாரே என்றுதான் இதுவரை அந்தச் சாய்வைப் போட்டு வந்தேன்!

இரண்டாவது அச்சில் இருபுறமும் 2 டிகிரி சாய்வு: அடியில் 0.8, மேலே சுமார் 1.6 மி.மீ. சுவரைத் தேய்த்து, எண்ணெயும் தடவினேன். சுத்தமாக வந்தது. ஆனால் இதழ் நுனிகளில் நிறமே இல்லை, வெறும் சாந்து. போட்டோவைப் பட்டறை அண்ணனிடம் காட்டினேன்.

"இம்புட்டுக் கூரா வச்சா கூழு எப்படித் தம்பி போகும்? கொஞ்சம் உருட்டி விடுங்க."

நுனிக்கு 1.5 மி.மீ. வளைவு கொடுத்து மூன்றாவதை ஊற்றினேன். ஆசையாக நடுவில் ஆச்சிக்காக ஒரு 'ஆ' வேறு. கண்ணாடிப் பக்கம்தான் முகம் என்பது புத்தியில் உறைக்கவில்லை. திருப்பினால் எழுத்து இடம் வலமாக நிற்கிறது. இரண்டு பாதியும் ஒத்த பூவாக இருந்தவரை இது தெரியவே இல்லை.

"யாருக்குடா இது, கண்ணாடிக்கா?" என்றார் ஆச்சி. இப்போது அதன்மேல் தண்ணீர்ப் பானை உட்கார்ந்திருக்கிறது. நான்காவது, எழுத்தில்லாமல், தொட்டியில் ஊறுகிறது.