தொலைவிலிருந்து வரும் பாட்டு

சில்வேவ் இசைமீது எனக்குத் தீராத பிரியம். 2009 வாக்கில் அமெரிக்காவில் வாஷ்டு அவுட், நியான் இந்தியன், டோரோ ஈ மோய் போன்ற இசைக்கலைஞர்களால் பரவிய பாணி இது. சின்தசைசர் எனும் மின்னணு இசைக்கருவியின் பழைய ஒலி, வேகம் குறைத்த இசைத் துணுக்கு, எதிரொலியில் மூழ்கிய குரல். படுக்கையறைக் கணினியே ஒலிப்பதிவுக் கூடம்.

கேட்டதும் கடலும் மழையும் மனதில் விரிவது ஏன்? உச்ச அதிர்வெண் ஒலிகளைக் காற்று விரைவில் உறிஞ்சிவிடும். தாழ்ந்தவை நெடுந்தூரம் தாங்கும். அருகில் விழும் இடி படீரென வெடிப்பதற்கும், தொலைதூர இடி உருண்டு முழங்குவதற்கும் இதுவும் ஒரு காரணம். லோ-பாஸ் ஃபில்டர் போட்டு உச்ச ஒலிகளை மழுக்கும் கலைஞர், காற்று செய்யும் அதே வேலையைத்தான் செய்கிறார். காதருகே ஒலிக்கும் பாட்டு எங்கோ அக்கரையிலிருந்து மிதந்து வருகிறது!

அடுத்தது சைட்செயின் கம்ப்ரஷன். ஒவ்வொரு டிரம் அடிக்கும் மற்ற ஒலிகள் சற்றே அமிழ்ந்து மறுபடி பொங்கும். அலை ஏறி இறங்குகிற அதே மூச்சு. அந்தப் பொங்கல் வரும் இடத்தில் என் தோள்கள் தாமாகவே தளர்ந்துவிடுகின்றன.

தொடக்கத்தில் நாலு பறவைக் குரல்களை ஒட்டிவிட்டால் பாட்டுக்குள் இயற்கை வந்துவிடாது. அலையின் அந்த அசைவு தாளத்திலேயே இருக்க வேண்டும். நல்ல சில்வேவ் பாடல்களில் இருக்கிறது.

தயவுசெய்து ஹெட்போனில் கேளுங்கள். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி தொலைந்துபோகும். அது இல்லையென்றால் பாதிப் பாட்டுதான் கிடைக்கும்.