ஒட்டுப்போட்ட ரேஞ்சர்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் ஆட்டத்தில் என் ரேஞ்சரை (காட்டு வில்லாளிக் கதாபாத்திரம்) புது விதிக்கு மாற்றி முடிக்க இரண்டு மாதம் பிடித்தது. ஒழுங்காகச் செய்திருந்தால் ஒரே மாலையில் முடிந்திருக்கும். இன்னும் பிளேடெஸ்ட் ஷீட்டை (சோதனை விதிப்படி எழுதிய கதாபாத்திர விவரத்தாளை) வைத்தே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நான் விழுந்த குழியிலாவது விழாமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஆட்டம் 2022 அக்டோபரில் தொடங்கியது. அப்போது 'ஒன் டி அண்ட் டி' என்ற பெயரில் சோதனை விதிகள் இலவச பிடிஎஃப்களாக வந்துகொண்டிருந்தன. ஆகஸ்டில் வந்ததிலிருந்து இனம், செப்டம்பரில் வந்ததிலிருந்து கிளாஸ் (கதாபாத்திரத்தின் தொழில்) என்று எடுத்து எழால் என்ற கதாபாத்திரத்தை உருவாக்கினேன். வல்லூறுத் தலை கொண்ட ஆர்ட்லிங் (விலங்குத் தலையுள்ள வானுலக இனம்), ஹண்டர் வகை ரேஞ்சர். (எழால் என்பது வல்லூறுக்குப் பழைய தமிழ்ப் பெயர். குழுவில் பாதிப் பேர் 'ஏலா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.) அப்புறம் வந்த பிடிஎஃப்களை நாங்கள் சீண்டவே இல்லை. மாதம் இரண்டு ஆட்டம், ஆறாம் லெவல் வரை சுகமாகப் போனது.

2024 செப்டம்பர் 17 அன்று இறுதி விதிகளோடு பிளேயர்ஸ் ஹேண்ட்புக் வந்தது. "அடுத்த ஆட்டத்துக்குள்ள எல்லாரும் மாத்திட்டு வந்துடுங்கடா" என்று டிஎம் (ஆட்டத்தை நடத்துபவன்) வாட்ஸாப்பில் ஒரு வரி போட்டான். அவ்வளவுதான் வழிகாட்டுதல்.

நான் செய்த தப்பு இதுதான். ஷீட்டை முன்னால் வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் ஒவ்வொன்றையும் புத்தகத்தில் தேடினேன். பெயர் இருக்கிறதா, டிக். இல்லையா, அடித்துவிட்டு வேறு எழுது. கிழிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போடும் வேலை. இப்படிச் செய்தால் இரண்டு விஷயம் தப்பிவிடும்: பெயர் மாறாமல் உள்ளே மாறியவை, ஷீட்டில் இல்லாமல் புதிதாகச் சேர்ந்தவை. எனக்கு இரண்டுமே தப்பின.

முதலாவது, ஹண்டர்ஸ் மார்க், எதிரியைக் குறிவைத்து அவன்மேல் விழும் அடியைக் கூட்டும் ஸ்பெல் (மந்திரம்). 2022 பிளேடெஸ்ட்டில் ரேஞ்சர் அதைப் போட்டால் கான்சன்ட்ரேஷன் (ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்தை மட்டுமே பிடித்துவைக்க விடும் கவனம்) தேவையில்லை. அந்த ஒரு சலுகையை நம்பித்தான் என் சண்டைமுறையே இருந்தது. எதிரிமேல் மார்க், அவன் காலடியில் ஸ்பைக் குரோத் (தரையில் முள் முளைக்கவைக்கும் மந்திரம், இதற்குக் கான்சன்ட்ரேஷன் வேண்டும்), நான் தூரத்தில் நின்று அம்பு. புதுப் புத்தகத்திலும் ஹண்டர்ஸ் மார்க் ரேஞ்சருக்கு எப்போதும் தயாராகவே இருக்கிறது, ஸ்லாட் (மந்திரம் போடும் தடவைக் கணக்கு) செலவில்லாமல் சில தடவை போடவும் முடிகிறது. அதைப் படித்ததும் மகிழ்ச்சியாக டிக் போட்டுவிட்டேன். ஸ்பெல் பகுதிக்குப் போய் அந்த ஸ்பெல்லைப் படிக்கவில்லை.

சனிக்கிழமை இரவு, பாலத்தில் ஆறு பக்பேர் அரக்கர்கள். மார்க் போட்டாயிற்று. அடுத்த சுற்றில் ஸ்பைக் குரோத் என்றேன்.

"சரி, மார்க் போச்சு" என்றான் டிஎம்.

"ஏன்டா போகணும்?"

"கான்சன்ட்ரேஷன்."

நாற்பது நிமிடம் சண்டை, பக்பேர்களோடு இல்லை. கடைசியில் அவன் ஸ்பெல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். 'கான்சன்ட்ரேஷன், ஒரு மணி நேரம் வரை' என்று தெளிவாகவே இருந்தது. பதின்மூன்றாம் லெவலில் அடிபட்டால் அந்தக் கான்சன்ட்ரேஷன் கலையாது என்று ஒரு ஆறுதல் உண்டு. நான் இருப்பது ஆறில்.

அந்த வயிற்றெரிச்சலில் மற்றதையும் நோண்டினால் வரிசையாக விழுந்தது. பிளேடெஸ்ட்டில் முதல் லெவலிலேயே இரண்டு திறன்களுக்கு எக்ஸ்பர்டீஸ் (கூடுதல் தேர்ச்சி). இப்போது இரண்டாம் லெவலில் ஒன்று, மீதி ஒன்பதில்தான். பெர்செப்ஷனை (கவனித்தல்) வைத்துக்கொண்டு ஸ்டெல்த்தை (பதுங்கல்) விட்டேன், அதற்குப் பகடையில் கூட்டும் +10 என்பது +7 ஆயிற்று. சப்கிளாஸ் (எனக்கு ஹண்டர்) வசதிகள் 3, 6, 10, 14-ஆம் லெவல்களில் வந்தவை, முந்தைய 2014 விதிப்புத்தகத்தில் இருந்த 3, 7, 11, 15-க்கே திரும்பிவிட்டன. ஆறில் கிடைத்த ஹண்டர்ஸ் லோர் என்ற வசதி மூன்றிலேயே கிடைப்பதால் அதில் நஷ்டமில்லை. பிளேடெஸ்ட்டை மெருகேற்றியதுதான் இறுதி விதி என்று நினைத்திருந்தேன். நிறைய இடத்தில் பழைய வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

இனத்துக்கு வருவோம். ஆர்ட்லிங்கே இல்லை! புத்தகத்தில் பத்து இனங்கள், வானுலகத் தொடர்புள்ளது என்றால் ஆசிமார் மட்டும். டிஎம் இதில் தங்கமாக நடந்துகொண்டான். "தலை அப்படியே இருக்கட்டும், விதி மட்டும் ஆசிமார்" என்றான். முன்பு நாளுக்கு மூன்று முறை ஒரு தாவு தாவுகிற அளவுக்குத்தான் சிறகு. இப்போது லாங் ரெஸ்ட்டுக்கு (ஓர் இரவு ஓய்வுக்கு) ஒரு தடவை, ஆனால் முழுதாக ஒரு நிமிடம் பறக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சிறகு விரிப்பதும் போனஸ் ஆக்‌ஷன், மார்க் போடுவதும் போனஸ் ஆக்‌ஷன். ஒரு சுற்றில் அது ஒன்றுதான் கிடைக்கும், முதல் சுற்றில் எது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வாருங்கள்.

உண்மையில் இரண்டு மாதத்தைத் தின்றது பேக்கிரவுண்ட், அதாவது கதாபாத்திரத்தின் முன்கதை. பிளேடெஸ்ட்டில் நாமே தைத்துக்கொள்ளலாம். டெக்ஸ்டெரிட்டி (லாவகம்) +2, விஸ்டம் (விவேகம்) +1, அலர்ட் ஃபீட் (சிறப்புத் திறமை) என்று எடுத்திருந்தேன். புதுப் புத்தகத்தில் பதினாறு ரெடிமேட் பேக்கிரவுண்டுகள். எந்தப் பண்புகள் கூடும், எந்த ஃபீட் கிடைக்கும் என்பதெல்லாம் அதிலேயே முடிந்துவிடுகிறது. அலர்ட் தருபவை இரண்டு. கிரிமினல் எடுத்தால் விஸ்டம் கிடையாது, கார்ட் எடுத்தால் டெக்ஸ்டெரிட்டி கிடையாது. இரண்டு பண்பும் சேர்ந்த கைடில் ஃபீட் மேஜிக் இனிஷியேட், வேஃபேரரில் லக்கி, செய்லரில் டேவர்ன் பிராலர் (சாராயக்கடைச் சண்டைக்காரன்). எழால் குடித்துவிட்டு அடிதடிக்குப் போகிற ஆள் இல்லை.

வேறு வழியில்லாமல் கிரிமினல் எடுத்தேன். காட்டுக் கோயிலில் வளர்ந்த பிள்ளை ஒரே வாரத்தில் ஜேப்படித் திருடன் ஆனான். விஸ்டம் 16-லிருந்து 15-க்கு இறங்க, ஸ்பெல் சேவ் (என் மந்திரத்திலிருந்து தப்ப எதிரி பகடையில் எடுக்க வேண்டிய எண்) 14-லிருந்து 13. அந்த ஒரு எண்ணில் ஒரு ஓக்ர் அரக்கன் தப்பித்து எங்கள் விசார்டை (மந்திரவாதியை) தூக்கிப் போட்டதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். நவம்பரில் டிஎம்களுக்கான டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு வந்தது, சொந்தமாகப் பேக்கிரவுண்ட் உருவாக்கும் முறை அதில் இருக்கிறது. அப்பாடா என்று குழுவில் எழுதினேன்.

எங்கள் குழுவில் கிளெரிக் (பூசாரி) ஆடுபவள் உடனே கேட்டாள்: "அதுக்கு எதுக்கு நவம்பர் வரைக்கும் காத்திருந்தே?" ஹேண்ட்புக்கில் கேரக்டர் உருவாக்கும் பகுதியிலேயே ஒரு சின்னக் கட்டம் இருக்கிறதாம். பழைய புத்தகப் பேக்கிரவுண்டை எடுத்தால், அதில் பண்பு உயர்வு இல்லாத பட்சத்தில் +2, +1 நம் இஷ்டம். ஃபீட் இல்லை என்றால் ஒரிஜின் ஃபீட் ஒன்றும் நம் இஷ்டம். 2014-இன் அவுட்லேண்டர் (காட்டில் வளர்ந்தவன்) எழாலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. விடை இரண்டு மாதமாக என் மேஜைமேலேயே இருந்திருக்கிறது. அந்தக் கட்டத்தை முதலில் படியுங்கள், தயவுசெய்து.

அன்று இரவு பழைய ஷீட்டை ஓரமாக வைத்துவிட்டு, வெறும் தாளில் முதல் லெவலிலிருந்து எழுதினேன். ஒன்றரை மணி நேரம்தான். அப்போதுதான் தெரிந்தது, ரேஞ்சருக்கு முதல் லெவலிலேயே வெப்பன் மாஸ்டரி (ஆயுதத்துக்கேற்ற சிறப்புப் பலன்) உண்டு, ஆறில் ரோவிங் என்று பத்தடி கூடுதல் வேகமும் உண்டு. இரண்டுமே இல்லாமல் இத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறேன். லாங்போவின் (நீள வில்லின்) மாஸ்டரி ஸ்லோ, அம்பு பட்டவனுக்குப் பத்தடி வேகம் குறையும். ஸ்பைக் குரோத் முள்ளுக்குள் நிற்பவனுக்கு அதைக் கொடுத்தால் வெளியே வருவதற்குள் இன்னொரு சுற்று ஓடிவிடுகிறது. போன ஆட்டத்தில் மார்க்கே போடாமல் நான்கு பேரை அப்படியே நிறுத்தினேன். டிஎம் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தைப் புரட்டினான். இந்தத் தடவை நான் பக்க எண்ணைத் தயாராக வைத்திருந்தேன்.

பாக்கி ஒன்று இருக்கிறது. எழால் இப்போது ஒரு லெவல் எக்ஸாஸ்ஷனில் (களைப்பில்) இருக்கிறான். பிளேடெஸ்ட்டில் அதற்குப் பகடையில் 1 குறையும். புது விதியில் 2, வேகத்திலும் ஐந்தடி போகும். ஷீட்டில் இன்னும் 1 என்றுதான் இருக்கிறது. சனிக்கிழமை ஆட்டம் தொடங்கியதும் லாங் ரெஸ்ட் எடுத்தால் அது தானாகவே போய்விடும், டிஎம்மிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.